வியாபாரத்தைக் கெடுக்கிறவர்

"நீங்க வீடு பாக்க வந்தீங்களா, பொணம் அறுக்க வந்தீங்களா ஹால்வர்?"

வாசலிலேயே வைத்துக் கேட்டுவிட்டாள் ஆர்லிஸ். அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் வீட்டு ஏஜென்ட் ஆர்லிஸ் என்றால் சிரித்த முகம் என்றுதான் பேர். அந்த முகம் அன்றைக்குச் சிவந்து கிடந்தது.

காருக்குள் டெஸ்ஸா அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. பக்கத்தில் புருஷன் பிராடி என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். காலையில்தான் இரண்டு பேரும் இந்த வீட்டில் தொட்டில் எங்கே போடலாம் என்று அளந்து பார்த்தார்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டைச் சோதித்துச் சொல்கிறவர் ஹால்வர். கூரைக்கு அடியிலுள்ள பரணுக்குள் ஏறி இறங்கியதில் உடம்பெல்லாம் தூசி.

"பரண்ல பழங்காலத்து ஒயர் ஓடுது. தொட்டா உறை உதிருது. பக்கத்துக் கட்டை கருகியிருக்கு. பாத்தேன், சொன்னேன்."

"அதைக் கொஞ்சம் பதமா சொல்லக் கூடாதா? தீப்பிடிக்கும்னு போட்டு உடைச்சா, வயித்துல புள்ளையோட நிக்கிறவ என்ன செய்வா?"

"தீப்பிடிச்சா என்ன செய்வா?"

"ஆமா, இத்தனை வருஷம் எரியாத வீடு, இவங்க குடி வந்தப்புறம்தான் எரியப் போவுதாக்கும்!"

ஹால்வர் ஏணியை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீடு வாங்க வருகிறவர்களுக்கு, சோதிக்கத் தெரிந்தவர்கள் என்று இரண்டு மூன்று பேரை ஏஜென்ட் சொல்வது வழக்கம். அன்றோடு ஆர்லிஸின் வாயிலிருந்து ஹால்வர் பேர் போயிற்று.

"அந்தாளு வியாபாரத்தைக் கெடுக்கிறவரு. கல்யாண வீட்டுல வந்து ஒப்பாரி வைக்கிற ஜென்மம்" என்று ஆபீஸ் பூராவும் சொன்னாள். வீட்டில் சாப்பிடும்போது மகள் மாரிட்டிடமும் சொன்னாள்.

டெஸ்ஸாவுக்கு வேறொரு வீடு பிடித்தபோது, அதைச் சோதிக்கக் கிப்பை அனுப்பினாள்.

கிப் தங்கமான மனுஷன். சட்டை கசங்காமல் வேலையை முடிக்கிறவர். அந்த வீட்டில் பரணுக்கு ஏறும் வழி, படுக்கையறையில் ஆள் நுழைகிற துணி அலமாரிக்குள், மேலே இருந்தது. கீழே வரிசையாகத் துணி தொங்கியது.

"அடுத்தவங்க சாமானை நாங்க நகர்த்த வேண்டியதில்லைங்க. அதுதான் எங்க தொழில் விதி" என்று சிரித்துக்கொண்டே, பரணைப் பார்க்க இயலவில்லை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதி முடித்தார். "மத்தபடி பழைய வீட்டுக்கு இது ராஜாவாட்டம் இருக்கு."

டெஸ்ஸாவுக்கு அந்த ராஜாவாட்டம் போதுமானதாக இருந்தது. ஆர்லிஸும் அந்த ஒரு வரியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சாவி கைக்கு வந்த அன்று டெஸ்ஸா அவளைக் கட்டிக்கொண்டாள். "நீங்க எங்களுக்கு அம்மா மாதிரி." குழந்தை பிறந்ததும் படம் அனுப்பினாள். அந்தப் படுக்கையறையில்தான் தொட்டில். ஆர்லிஸ் அதை மாரிட்டிடம் காட்டிக் காட்டி மாய்ந்துபோனாள்.

பனி உருகியதும் மாரிட்டே ஒரு வீடு பார்த்தாள். மேட்டில் நின்று ஏரியைப் பார்க்கிற வீடு. விலை படிந்துவிட்டது, சோதனைதான் பாக்கி.

"ஆளை நான் பாத்துக்கறேன்" என்றாள் ஆர்லிஸ்.

போனைக் கையில் எடுத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அழைத்தாள்.

"ஹால்வர், நான் ஆர்லிஸ் பேசறேன்."

"நம்பர் மாத்திப் போட்டுட்டீங்க போலருக்கே."

"இல்லை. எம் பொண்ணு வீடு வாங்கறா. நீங்கதான் வந்து பாக்கணும். பரண்ல ஏறுங்க. துணிமணி எது இருந்தாலும் நானே எடுத்துப் போடறேன். பதமா எல்லாம் சொல்ல வேண்டாம். இருக்கறதை இருக்கறபடி சொல்லுங்க."

அந்தப் பக்கம் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நான் எல்லார் வீட்டையும் ஒரே மாதிரிதான் பாக்கறேன், ஆர்லிஸ். வரேன்."

அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலையே என்று இருந்தது அவளுக்கு. அவ்வளவு வெட்கம்.

அந்த வீட்டிலும் பரணுக்கு வழி அலமாரிக்குள்தான். சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, குளிர்காலக் கோட்டுகளை எல்லாம் ஆர்லிஸே வாரி வாரிக் கட்டிலில் போட்டு மடித்து வைத்தாள். ஹால்வர் ஏணியைச் சாத்தி ஏறத் தொடங்கினார்.

காபிக் கோப்பைகளோடு உள்ளே வந்த மாரிட், ஏணியில் எழுதியிருந்த ஹால்வர் பேரைப் பார்த்து அப்படியே நின்றாள். அம்மாவைக் கட்டிலோரமாக இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"இவராம்மா? வியாபாரத்தைக் கெடுக்கிறவர்னு நீதானே சொன்னே? நான் கிப் வருவாருன்னு நெனைச்சேன்."

"கிப் வேண்டாம்."

"ஏன்? தங்கமான மனுஷன்னு சொல்லுவியே!"

ஏற்கனவே மடித்திருந்த கோட்டை ஆர்லிஸ் மறுபடி உதறி மடித்தாள். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏணி மேலிருந்து டார்ச்சைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் காதிலும் இது விழுந்துகொண்டுதான் இருக்கும்.

"அவரு பரண்ல ஏற மாட்டாருடி" என்றாள் மெல்ல. "தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாக்காத வீட்டுல உன்னைப் படுக்கவச்சிட்டு, எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

மாரிட் குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்போ டெஸ்ஸா வீட்டுப் பரண்ல யாரும்மா ஏறினாங்க?"