வாரம் ஒரு செம்பு

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்ததும் வீட்டுக்காரம்மா முதல் வேலையாக மல்லிகைக் கொடியைப் பிடுங்கி எறிந்தாள். “எவ்வளவு ஊத்தினாலும் இதுக்குப் பத்தாது. நம்ம கற்றாழையைப் பாருங்க, வாரம் ஒரு செம்பு போதும், வாயே திறக்காது” என்று புருஷனிடம் சொன்னாள். கற்றாழைக்குத் தலைகால் புரியவில்லை. வெயிலில் கிடந்து வதங்கிய மல்லிகையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மல்லிகை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். வாரம் ஒரு செம்பு என்பது மாதம் ஒரு செம்பானது. அப்புறம் அதுவும் நின்றது. வாய் திறந்தால் நல்ல பேர் கெட்டுவிடுமே! கற்றாழை தன் சதையையே உறிஞ்சிக்கொண்டு கிடந்தது. மடல்கள் மெலிந்து சிவந்தன.

“என்ன அழகா நிறம் மாறுது!” என்றாள் வீட்டுக்காரம்மா. சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் புல்லில் தூசி படிந்திருக்கிறதென்று குழாயைத் திறந்து அதைக் கழுவினாள். தினமும் கழுவினாள். தண்ணீர் புல்லின் மேல் வழிந்து நேராகச் சாக்கடைக்குப் போனது.

ஒருநாள் கற்றாழைக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, தண்ணி எப்படி இருக்கு? இனிப்பா இருக்கா?” என்று புல்லைக் கேட்டது.

ஈரத்தில் பளபளத்துக்கொண்டே புல் சொன்னது: “எனக்கென்னண்ணே தெரியும்? நான்தான் குடிக்கிறதே இல்லையே.”