உள்ளேயிருந்து திறக்கும் கதவு

ஆமத்தூர் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: பட்டாசு ஆலை போர்மேன் கண்ணுச்சாமி, அவன் மனைவி சண்முகத்தாய், அவன் அண்ணன் உக்கிரபாண்டி. ஆலையில் நடந்த தீ விபத்தை விசாரிக்கச் சாயங்காலத்துக்குள் போலீஸ் வந்துவிடும்.

“கொச்சியில கிரீஸ்காரன் கப்பல் நிக்கி. ஏஜென்ட் உன்னய ஏத்திவிட்டுருவான்” என்றான் உக்கிரபாண்டி.

“பேரே கேள்விப்படாத கம்பெனிண்ணே. படுக்கிற ரூம்பு கதவு உள்ளயிருந்து தெறக்குமா?”

“ஏலே, நடுக்கடல்ல எங்கன இறங்கி ஓடப்போற?”

“அதுக்கில்லண்ணே. எவனாச்சும் வெளிய பூட்டியிருந்து, தீப்பிடிச்சா? சாவியத் தேடி எடுக்கதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்ணே.”

உக்கிரபாண்டி சிரித்தான். சண்முகத்தாய் சிரிக்கவில்லை.

எரிந்த செட்டுக்குள் செத்த ஆறு பெண்களில் ஒருத்தி அவள் தங்கை வெள்ளைத்தாய். ஆர்டர் முடியும்வரை பெண்கள் வெளியே போகாதபடி செட்டைப் பூட்டுவது ஆலை வழக்கம். அன்றைக்கு மட்டும் பூட்டவில்லை என்று கண்ணுச்சாமி அவள் தலையிலடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

“அந்தக் கப்பல்லயே போங்க” என்றாள். “உள்ள போயி துணிமணிய எடுத்து வைங்க.”

ஜன்னலில்லாத உள்ளறைக்குள் அவன் நுழைந்தான். அவள் கதவைச் சாத்தி வெளியே பூட்டினாள்.