ரத்தத்தில் இருந்த புகை

நாகர்கோவிலில் கண் டாக்டர், ஆராய்ச்சிக்காக எடுத்த ரத்தத்தின் முடிவைப் பார்த்துவிட்டு நேசபாயிடம் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் வாலிபத்துல நிறைய சிகரெட் குடிப்பாரா?"

"ஐயோ, இல்ல டாக்டரே. அவிய ஒரு பீடிகூட வலிச்சதில்ல."

"புகை மரபணு மேல அடையாளம் போட்டுட்டுப் போகும்மா. நிறுத்தி இருபது வருஷமானாலும் முழுசா அழியாது. விழித்திரை கெட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்."

"வலிச்சது எனக்க கொழுந்தன் தாசையனாக்கும். அண்ணன் பெண்டாட்டின்னு என்னைய மைனி மைனின்னுதான் கூப்பிடுவான். ரெண்டு பேரும் ரெட்டப் பிள்ளைய. துபாய்ல ஆக்சிடென்டுல அவன் செத்துப் போனான். இவியதான் சவப்பெட்டியோட வந்தாவ."

"ரெட்டையருக்கு மரபணு ஒண்ணா இருக்கலாம். ஆனா ஒருத்தர் குடிச்ச புகை இன்னொருத்தர் ரத்தத்துல தெரியாது."

நேசபாய் கதவு வழியே வெளியே இருந்த கணவரைப் பார்த்தாள். அன்று பெட்டியைத் திறக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். பிறகு இருபது வருடம் அவரோடு வாழ்ந்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் அவர் யாருடைய முகமும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அருகில் போய் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"தாசையா..."

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"என்ன மைனி?"