சாய்ந்த பக்கம்

அவர் வாயின் இடது ஓரத்தில் கஞ்சி வழிந்தது.

துடைக்க அவள் கை நீண்டது. அதற்குள் சாஜிதாவின் துணி வந்துவிட்டது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

சாஜிதாவின் வீட்டுக்குள் அவள் வருவது இதுதான் முதல் தடவை. அடுத்த தெருதான். பெருநாள் அன்றுகூட அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

முதல் மனைவி போய்ப் பார்க்காவிட்டால் ஊர் பேசும் என்று தம்பி சொன்னான். ஊருக்காக வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இடது கை, இடது கால், முகத்தின் இடது பாதி. மூன்றும் அவரை விட்டுப் போயிருந்தன. தலையணை வைத்து நிமிர்த்தினாலும் மெல்ல அந்தப் பக்கமே சரிந்தார்.

அவள் உட்கார்ந்திருந்ததும் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் சாஜிதா இருந்தாள். ஊட்டுவதற்கு அதுதான் வசதி.

அந்த ஊரில் கல்யாணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். சாஜிதாவோடு இரண்டாவது நிக்காஹ் ஆனபோது அவர் அவள் முன்னால் நின்று சொன்னார்:

"ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. உனக்குக் குறை வைக்கமாட்டேன்."

கொஞ்ச காலம் வைக்கவில்லை.

பிறகு சாஜிதாவுக்குப் பிள்ளை உண்டானது. பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல். பிறகு காரணம் சொல்வதும் நின்றுபோனது.

அவள் சண்டை போடவில்லை. நெடுநாள் இரண்டு பேருக்கு உலை வைத்தாள். அப்புறம் ஒருவருக்கு வைக்கப் பழகிக்கொண்டாள்.

ஒருமுறை பெண்கள் பயானில், மார்க்கச் சொற்பொழிவு செய்ய வந்த ஆலிமா சொன்னார். இரண்டு மனைவிகள் இருந்து ஒருத்தி பக்கமே சாய்ந்துவிட்டவன், மறுமையில் ஒரு பக்கம் சரிந்தவனாக எழுந்து வருவான் என்று.

கூடத்துப் பெண்கள் அவளைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே ஏதோ குளிர்ந்தது.

அதன் பிறகு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்ந்தாள். இங்கே யாரும் கேட்காவிட்டாலும் அங்கே கேட்க ஒருவன் இருக்கிறான்.

சாஜிதா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். உறக்கம் பார்க்காத கண்கள்.

"லாத்தா."

கூடப் பிறந்தவளை அழைப்பது போல அழைத்தாள்.

"டாக்டர் ரத்த அடைப்புங்கிறாங்க. அது இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்தப் பயானுக்கு நானும் வந்திருந்தேன் லாத்தா. கடைசியில உக்காந்திருந்தேன்."

குரல் உடைந்தது.

"நான்தான் போகவிடாம வச்சுக்கிட்டேன். என்னைப் பொறுக்க வேணாம். அவங்களைப் பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவங்க காதுல விழட்டும்."

அவர் கண்கள் அவள் பக்கம் திரும்பின. ஒன்று முழுதாக. மற்றது பாதியாக.

எத்தனையோ வருடம் கழித்து, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

பொறுத்தேன் என்றால், குறை இருந்தது என்றாகிவிடும்.

அவள் குனிந்தாள். அவர் காதருகே, சாஜிதாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பொறுக்கிறதுக்கு என்ன இருக்கு? என் முறையை நான்தான் இவளுக்கு விட்டுக்கொடுத்தேன். கைப்பிள்ளையோட தனியா கிடக்கிறாளேன்னு. நீங்க மறந்துட்டீங்க."

மனைவி தன் நாளைச் சக்களத்திக்கு விட்டுக்கொடுக்கலாம். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. மனமொப்பிக் கொடுத்துவிட்டால் கணவன் மேல் குற்றமில்லை. அந்த அறையில் மூவருக்கும் அது தெரியும்.

அவள் கொடுக்கவில்லை என்பதும் தெரியும்.

சாஜிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் தொண்டையில் ஏதோ புரண்டது. சொல்லாக வரவில்லை. கண்ணீர் காதோரம் இறங்கியது. வலது கை போர்வைமேல் எதையோ தேடி ஊர்ந்தது. சாஜிதாவின் விரல்கள் கிடைத்தன. இறுகப் பற்றிக்கொண்டார்.

அவருக்கு மிச்சமிருந்தது அந்தக் கைதான்.

அவள் தன் பக்கம் கிடந்த கையைப் பார்த்தாள். மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சூடாகத்தான் இருந்தது.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியவில்லை.