சொல்லி அனுப்பியது

முதல் குத்து மச்சானின் தாடையில் விழுந்தது. வலித்தது என்னவோ குத்தியவனுக்குத்தான். காலையிலிருந்தே அந்தக் கை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அதற்காக விட்டுவிடுவானா? இரண்டாவதையும் அதே கையால்தான் போட்டான்.

கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். கிட்டே போக ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை.

அடிக்கிறவன் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். அடி வாங்குகிறவன் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர், இவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். வேலைச் சண்டையா, வீட்டுச் சண்டையா என்று தெரியாமல் எவன் நடுவில் போய் மூக்கை உடைத்துக்கொள்வான்?

அடிக்கிறவனின் சட்டை முழுக்க ரத்தம். அது இவர்கள் இரண்டு பேருடையதும் இல்லை. இவன் கீழே வேலை பார்க்கும் ஃபிட்டருடையது.

கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. பசை கலக்குகிற தொட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த பெரிய இறக்கை நின்றது. கரண்ட் போனால் இறக்கையில் ஒட்டிய கட்டியைக் கையாலேயே வழித்து எடுப்பது இங்கே பழக்கம்.

ஃபிட்டர் பயந்த சுபாவம். கை விடலாமா சார் என்று ஒரு வார்த்தை கேட்டார். தாராளமா விடுங்க, பட்டனை அமுக்கினால்தானே சுத்தப்போகுது என்றான் இவன்.

கரண்ட் வந்தது. பட்டன் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இறக்கை தானாகச் சுற்றியது.

முழங்கைக்குக் கீழே மிச்சமிருந்ததைத் துணியில் சுற்றித்தான் வண்டியில் ஏற்றினார்கள். அந்த நிலையிலும் மனுஷன் இவனைத் திட்டவில்லை. நீங்கதானே சார் விடச் சொன்னீங்க என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

வண்டி கிளம்பியதும்தான் பக்கத்தில் நின்றவன் மெல்ல வாயைத் திறந்தான். கரண்ட் போகும்போதெல்லாம் பசை இறுகிப்போகிறது, வந்ததும் மெஷின் தானே ஓடட்டும் என்று மேலே இருந்து சொன்னார்களாம். மச்சான் நேற்றுத்தான் இணைப்பை மாற்றினானாம். டீ குடிக்கும்போது எல்லாரிடமும் சொல்லிவிட்டானாம். உங்களுக்குத் தெரியாதா சார் என்று வேறு கேட்டான்.

எப்படித் தெரியும்? அலமாரி அலமாரியாக வரைபடம் இருக்கிறது, எவனாவது திறந்து பார்த்தால்தானே! இந்தத் தொழிற்சாலையில் எதையும் வாயால்தான் கேட்பார்கள், வாயால்தான் சொல்வார்கள். கையில் டீ கிளாஸோடு கொஞ்ச நேரம் நின்றால் போதும், எந்த வால்வு கசிகிறது, எந்த மோட்டார் மக்கர் பண்ணுகிறது எல்லாம் காதில் வந்து விழும்.

ஆனால் மச்சான் நிற்கிற இடத்தில் இவன் நிற்பதில்லை. முகம் கொடுத்துப் பேசி மாசக்கணக்காகிறது. வீட்டு விஷயத்தை மச்சான் அத்தனை பேர் முன்னால் வைத்துக் கேட்டுவிட்டான் என்று இவனுக்குக் கோபம்.

மூன்றாவது குத்தில் மச்சானின் உதடு கிழிந்தது. கழுத்தைப் பிடித்து பேனல் கதவோடு வைத்து நெரித்தான். தகரம் அதிர்ந்தது. மச்சான் திருப்பி அடிக்கக் கையைத் தூக்கவே இல்லை. அது இவனுக்கு இன்னும் வெறி ஏற்றியது.

"ஊருக்கே சொன்னியே, எங்கிட்ட ஏன்டா சொல்லல? உன் வீம்புக்கு என் ஆளு கைய குடுக்கணுமா?"

மச்சான் வாயிலிருந்த ரத்தத்தைப் பக்கவாட்டில் துப்பினான். மாசக்கணக்கில் பேசாதவன் அப்போதுதான் பேசினான்.

"சொல்லி அனுப்பினேன் மாப்ள. நேத்தே தங்கச்சிக்குப் போன் போட்டு, கரண்ட் வந்தா தானா சுத்தும், யாரையும் கை விட வேண்டாம்னு சொல்லுன்னேன். அவளைத் திருப்பிச் சொல்ல வச்சுக் கேட்டேன். அவ சொல்லலையா?"

அறையில் இருந்த அத்தனை கண்களும் இவன் பக்கம் திரும்பின. கழுத்தைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது.

சொல்லவில்லை என்றான் இவன்.

அது பொய் இல்லை. காலையில் சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்துவிட்டு, அண்ணன் உங்ககிட்ட, என்று ஆரம்பித்தாள். அண்ணன் என்ற பேச்சை எடுத்ததுமே இவனுக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த வீட்டில் அவன் பேச்சை எடுக்காதே என்று எத்தனை தடவை சொல்வது? கையை மடக்கி வாயிலேயே ஒன்று போட்டான். நாற்காலியோடு சாய்ந்தவள், மேசை விளிம்பில் தலை இடித்துக் கீழே விழுந்தாள். எழுந்தாளா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.

மச்சானின் பார்வை இவன் முகத்தை விட்டுக் கைக்கு இறங்கியது. முட்டி நீலம் பாரித்துக் குண்டாக வீங்கியிருந்தது. இப்போது அடித்த அடிக்கு அதற்குள் இப்படி வீங்காது. அது மெயின்டனன்ஸ்காரனுக்கும் தெரியும், எலெக்ட்ரிக்கல்காரனுக்கும் தெரியும்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். விரலில் ரத்தம் வழுக்க, ஒரு வழியாகத் தங்கச்சி நம்பரை அழுத்தினான். போனைக் காதில் வைக்காமல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினான். சமையலில் இருப்பாள், எடுப்பாள் என்றார் ஒருவர் சமாதானமாக.

அவள் ஏன் எடுக்கவில்லை என்பது அந்த அறையில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை.