காவலுக்கு வந்தவர்

“அப்பா! நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்?”

மகள் ரிஷானி கேட்டபோது குலேந்திரன் இறுக்கமான ரப்பர் உடுப்புக்குள் வயிற்றை நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

“சும்மாதான். நானும் பழகுவம் எண்டு.”

“விடிய வேலைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டெல்லோ வெளிக்கிட்டனீங்கள்?”

“லீவு போட்டிட்டன்.”

சுவிற்சர்லாந்தில், இன்டர்லாக்கன் ஊருக்கு மேலே, மலை ஓடையில் நாலு நாள் பயிற்சி. கயிற்றில் தொங்கி அருவியில் இறங்க வேண்டும், பாறையிலிருந்து தண்ணீருக்குள் குதிக்க வேண்டும். நன்றாகச் செய்தால் வழிகாட்டி வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இதற்காகத்தான் ரிஷானி ஒரு வருடமாகக் காத்திருந்தாள்.

மாமி போனில் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. ‘குமர்ப்பிள்ளை வெள்ளைக்காரரோட மலையில தங்குறதோ? தகப்பன் பாத்துக்கொண்டு இருக்கிறாரோ?’

“மாமி சொல்லித்தானே வந்தனீங்கள்? என்னைக் காவல் காக்க?”

குலேந்திரன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதில எது பிள்ளை முன்பக்கம்?”

உடன் வந்தவர்கள் லேனா என்ற சுவிஸ் பெண்ணும் அவளுடைய காதலனும்தான். முதல் நாளே லேனா சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

“உன் அப்பா எல்லா இடத்துக்கும் கூட வருவாரா?”

ரிஷானிக்கு முகம் எரிந்தது. அதன்பிறகு அவள் சாப்பிடும்போதுகூட அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

அவரோ பாசியில் வழுக்கினார். ஐஸ் தண்ணீரைக் குடித்து இருமினார். ஒவ்வொரு பாறை விளிம்பிலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆனாலும் ஒரு இடத்திலும் ‘மாட்டன்’ என்று சொல்லவில்லை.

கடைசி நாள், பெரிய அருவி.

“ரிஷானி, கயிற்றை நீ கட்டு. ஆட்களையும் நீயே இறக்கு” என்றான் வழிகாட்டி ரேட்டோ.

அதுதான் அவளுக்குச் சோதனை. கட்டினாள். ரேட்டோ முடிச்சுகளை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினான்.

“யார் முதலில்?”

லேனா கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

“நான் போறன்.”

குலேந்திரன் விளிம்புக்கு வந்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரிஷானி கிட்டப் போய் மெதுவாகச் சொன்னாள்.

“ஏலாட்டி விடுங்கோ அப்பா. சுத்திப் போக நடைபாதை இருக்கு.”

“நீ கட்டின கயிறுதானே?”

“ஓம்.”

“பிறகென்ன?”

அவள் கயிற்றை அவருடைய இடுப்புப் பட்டியில் கொளுவினாள். “கீழ பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ. காலை அகட்டி வைச்சுப் பின்னுக்குச் சாயுங்கோ.”

சாய்ந்தார். அவள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். தண்ணீர் முகத்தில் அடித்தபோதும் அவர் கண்ணை மூடவில்லை. கடைசிவரை மகளையே பார்த்தபடி இறங்கினார்.

அடுத்து லேனா, பிறகு அவளுடைய காதலன், பிறகு ரேட்டோ. எல்லோரையும் பத்திரமாக இறக்கிவிட்டு ரிஷானி தானும் இறங்கினாள். அருவிச் சத்தத்தையும் மீறி அப்பாவின் உடைந்த ஜேர்மன் கேட்டது.

“என் மகள்! பார்த்தீர்களா? என் மகள்தான் எல்லோரையும் இறக்கினாள்!”

எத்தனையாவது தடவையோ தெரியாது. லேனா இப்போது கேலியாகச் சிரிக்கவில்லை. கை தட்டினாள்.

ரிஷானிக்குத் தன்னை நினைக்கவே பெருமையாக இருந்தது. பயந்துகொண்டே முதல் ஆளாக இறங்கிய அப்பாவை நினைக்க, அதைவிடப் பெருமையாக இருந்தது.

“அடுத்த கோடையில் எங்களோடு வேலைக்கு வா” என்று ரேட்டோ கை கொடுத்தான்.

“நன்றி. அப்பாவால் உங்களுக்குத்தான் கரைச்சல். குறை நினைக்காதீர்கள். எங்கள் ஆட்கள் இப்படித்தான், பிள்ளையைக் காவல் காக்கக் கூடவே வந்துவிடுவார்கள்.”

ரேட்டோ அவளை விளங்காமல் பார்த்தான்.

“காவலா? மூன்று பேர்தான் சேர்ந்திருக்கிறீர்கள், நாலு பேர் இல்லாமல் பயிற்சி நடக்காது என்று சொல்லத்தான் உன் வீட்டுக்குப் போன் எடுத்தேன். உன் அப்பாதான் பேசினார். ‘எனக்கு உயரம் என்றால் பயம், ஆனாலும் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மகளுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்’ என்றார்.”