லொறிக் கம்பனி வேலை

மூன்று நாளாக அந்தக் கடிதம் சாமித் தட்டில் கிடந்தது. நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி, மேலே ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்ததால், பார்ப்பவர்கள் கலியாணக் கடிதம் என்றுதான் நினைப்பார்கள். அது துவாரகாவுக்கு வந்த வேலைக் கடிதம். கையெழுத்து வைக்க வேண்டிய இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருந்தது.

இராஜரட்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளுக்கு ஈமெயிலில் வந்த கடிதத்தை அவர்தான் அச்செடுத்து, மஞ்சள் பூசி, பிள்ளையாருக்கு முன்னால் வைத்தவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பார்கள். கனடாவில், இந்த அஜக்ஸ் வீட்டில், மகள் இடம் கொடுக்கவில்லை.

"நாலரைக்கு ராகுகாலம் தொடங்குது. அதுக்கு முதல் ஒரு சைனை வை பிள்ளை," என்று பேனையை நீட்டினார்.

துவாரகா லப்ரொப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அப்பா, நான் அனுப்பின லிங்கை வாசிச்சனீங்களே?"

வாசித்திருந்தார். வேலை கொடுத்தது ஒரு ஜெர்மன் லொறிக் கம்பனி. நாசிகள் காலத்தில் ஆட்களைப் பிடித்து முகாம்களுக்கு ஏற்றிப் போனவை அந்தக் கம்பனியின் லொறிகள். அந்த லொறிகளைச் செய்ததும் முகாம் கைதிகள்தான். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, பாதிப் பேர் உயிரோடு திரும்பவும் இல்லை.

"உது எண்பது வருசப் பழங்கதை. நீ அங்கை கொம்ப்யூட்டர் வேலைக்கெல்லோ போறாய்? எட்டு மாசமா வீட்டிலை இருந்தனி. தேடி வந்த சீதேவியைக் காலாலை உதைக்காதை."

"ம்," என்றாள் அவள்.

இந்த 'ம்'தான் அவரைக் கொன்றது. சிநேகிதி நிரோஷினியின் பிறந்தநாளுக்குக் குடும்பமாக மோர்னிங்சைட்டில் உள்ள அவள் வீட்டுக்குப் போய் வந்து இரண்டு கிழமை. அன்றிலிருந்து அப்பாவின் முகம் பார்த்து ஒரு கதை இல்லை. அன்றைக்கு அவர் சுவரில் இருந்த ஒரு பொடியனின் படத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டு, நெஞ்செரிவு என்று சாப்பிடாமலே எழும்பிப் போய்க் காருக்குள் இருந்தவர். இப்ப எப்படி இருக்கு என்றுகூட அவள் கேட்கவில்லை. ஊரில் லொறி ஓடி, இங்கே வந்தும் உழைத்துப் பெற்று வளர்த்ததற்கு இதுதான் மிச்சம்.

மனைவி கமலாம்பிகை தேநீரோடு வந்தாள். "விடுங்கோவன். அவள் ஆறுதலா யோசிக்கட்டும்."

"என்னத்தை யோசிக்கிறது? ஊரிலை பிள்ளையள் ஒரு வேலைக்கு நாயா அலையுதுகள். இவ செத்தவனுக்கும் சேர்த்து நியாயம் கேக்கிறா!"

துவாரகா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கம்பனி ஆக்கள் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம்தானே அப்பா?"

"ஏலாதோ?" இராஜரட்ணம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "நல்லாச் சொல்லுவாய், கனடாவிலை பிறந்தனி. துவக்கோடை வாசல்லை வந்து நிண்டு லொறியை எடு எண்டா, எடுக்கத்தான் வேணும். எடுக்காட்டி அவனையும் சேர்த்துப் பின்னாலை ஏத்துவாங்கள். அவனுக்கும் பெஞ்சாதி இருக்கு. ஏத்தினது ஆரை, என்ன செய்யப் போறாங்கள் எண்டு ட்றைவர் கேக்கேலுமே?"

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ," என்றாள் கமலாம்பிகை.

அவர் குடிக்கவில்லை. மணி நாலே கால். தட்டிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, மகளின் லப்ரொப்புக்கு மேலேயே போட்டார். "கதை காணும். சைனை வை."

துவாரகா கடிதத்தை மெதுவாக எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "அப்பா, இப்ப ஒருத்தரும் பேப்பரிலை சைன் பண்ணுறேல்லை. லெட்டர் வந்த அண்டைக்கே ஒன்லைனிலை பண்ணிட்டன். அடுத்த மண்டே ஸ்டார்ட்."

இராஜரட்ணத்துக்குச் சந்தோசப்படுவதா, ஏமாந்ததற்குக் கோபப்படுவதா என்று தெரியவில்லை. "அப்ப ஏன் என்னை மூண்டு நாளாப் பேய்க்காட்டினனி? ஏன் உந்த லிங்கை அனுப்பினனி?"

அவள் லப்ரொப்பை அவர் பக்கம் திருப்பினாள். திரை நிறையப் பெயர்கள்.

"அவையின்ர சைட்டிலை இருக்கிற லிஸ்ற். எந்த லொறி, எந்த நாள், ஆரை ஏத்தினது, எங்கை இறக்கினது... எல்லாத்தையும் தாங்களே தேடி எழுதிப் போட்டிருக்கினம். இதை வாசிச்சிட்டுத்தான் நான் சைன் பண்ணினனான். நீங்களும் வாசிப்பீங்கள், வாசிச்சிட்டு ஏதும் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நிரோஷினின்ர அம்மா இண்டைக்கும் தன்ர தம்பியை, அந்தச் சுவர்ப் படத்திலை இருக்கிறவனை, தேடுறா அப்பா. தொண்ணூற்றாறிலை யாழ்ப்பாணத்திலை ஆமி ரவுண்டப்பிலை பிடிச்சு, ஒரு தமிழாளின்ர லொறியிலைதான் ஏத்தினவங்களாம். அவனுக்குப் பத்தொன்பது வயசு. நீங்கள் காருக்குள்ளை போய் இருந்த நேரம் அவ என்னட்டை வந்து சொன்னவ."

கமலாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள். இராஜரட்ணம் பேனையைக் கீழே வைத்தார்.

துவாரகா லப்ரொப்பை மூடினாள். "அவனை எந்தக் காம்பிலை இறக்கினனீங்கள் அப்பா?"